கோப்பிலிருந்து கிளினிக் கொப்பிக்கு

2004 ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரைச் சண்டையில் பின்வாங்கியதும், விடுதலைப் புலிகளிலிருந்து பிரிந்துபோன கிழக்குத் தளபதி கருணா தன் கீழிருந்த படையணிகளைக் கலைத்து எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். மட்டக்களப்பு ஊர்களுக்கு அப்படித் திரும்பியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். அவர்களில் பெண்பிள்ளைகள் ஏராளம். பதினைந்து பதினாறு வயதில் வாகரைக்கும் கதிரவெளிக்கும் பனிச்சங்கேணிக்கும் வந்து சேர்ந்த அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். தொண்ணூறுகளில் இயக்கத்துக்குப் போனவர்கள் ஐம்பதைத் தொடுகிறார்கள். பிறசரும் சீனியும் எட்டிப் பார்க்கிற வயது இது. மாதவிடாய் நிற்கிற காலத்தின் உபாதைகளும் சேர்ந்து வருகிற வயது. போர் அவர்களின் மனத்தில் விட்டுப்போனது என்ன என்று கேட்காமல் இனி அவர்களின் உடம்புக்கு மருந்து கொடுக்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய இடம் பாதுகாப்புத் தரப்பின் புனர்வாழ்வுக் கோப்பு அல்ல, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் சாதாரண கிளினிக் என்பதுதான் என் வாதம்.

முன்னாள் போராளிகளைப் பற்றி நாட்டில் நடந்த பேச்செல்லாம் போர் முடிந்த 2009 மே மாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. வன்னியில் சரணடைந்து புனர்வாழ்வு முகாம்களுக்குப் போனவர்கள் ஏறத்தாழ 12,000 பேர், அவர்களில் பெண்கள் இரண்டாயிரத்துக்கு மேல். இந்தக் கணக்கில் வாகரையின் கதை பாதிதான் அடங்கும். 2004இல் வீடு திரும்பிய பிள்ளைகள் எந்தப் புனர்வாழ்வு முகாமுக்கும் போகவில்லை. எந்தச் சான்றிதழும் அவர்களிடம் இல்லை. வடக்கிலிருந்து புலிகள் வந்து மீண்டும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் பலர் மாதக்கணக்கில் உறவுக்காரர் வீடுகளில் ஒளிந்திருந்தார்கள். அந்த டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்து கரையோரத்தை அள்ளிக்கொண்டு போனது. 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாகரைக்கு இடம்பெயர்ந்தன. அந்த நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது இராணுவத்தின் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2007 ஜனவரி 19இல் இராணுவம் வாகரையைப் பிடித்தது, சனம் முழுவதும் இடம்பெயர்ந்து முகாம்களுக்குப் போய்ப் பிறகுதான் ஊர் திரும்பியது. ஆக, போர்க்களத்திலிருந்து வந்த பெண்ணுக்கு ஆறுதலடைய ஒரு அமைதியான ஊர் காத்திருக்கவில்லை. அவள் வந்த பிறகுதான் போர் அவள் வீட்டு வளவுக்கே வந்தது.

இப்படிப்பட்ட அனுபவம் மனத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இன்று வலுவான சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்க முன்னாள் படையினர் திணைக்களத்தின் வைத்தியப் பதிவுகளை வைத்து 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மனவடு நோய் (PTSD) உள்ள 1,32,923 முன்னாள் பெண் படையினரை அந்நோய் இல்லாத அதைப்போல் இரு மடங்கு பெண்களோடு ஒப்பிட்டது. வயது, பிறசர், சீனி, புகைத்தல் போன்றவற்றைச் சமன்படுத்திப் பார்த்த பிறகும், மனவடு உள்ளவர்களுக்கு இதய இரத்தக்குழாய் அடைப்பு நோய் 44 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. நாற்பது வயதுக்குக் குறைந்த பெண்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்தது. போருக்கே போகாத அமெரிக்கத் தாதியரை 22 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வில், மனவடு அறிகுறிகள் மிகுதியாக இருந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு, அத்தகைய அனுபவமே இல்லாதவர்களைவிடக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக இருந்தது. காரணம் விளங்காத ஒன்றல்ல. ஆபத்து என்றால் உடம்பு இதயத்தை வேகமாக அடிக்கவைக்கிறது, இரத்தத்தில் சீனியை ஏற்றுகிறது, நித்திரையைக் கலைக்கிறது. ஆபத்து போன பிறகும் ஆண்டுக்கணக்காக உடம்பு அதே தயார்நிலையில் நின்றால் இதயமும் இரத்தக்குழாய்களும் தேயத்தான் செய்யும். அமெரிக்கப் பெண்ணின் சதவீதங்களை அப்படியே வாகரைப் பெண்ணுக்குப் பொருத்த முடியாது, உண்மை. ஆனால் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஓய்வுக்கும் அமெரிக்கப் பெண்ணைவிட வழி குறைந்தவளுக்கு இந்தச் சுமை இலேசாக இருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை.

வாகரைப் பிரதேச வைத்தியசாலையோ வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையோ, கிளினிக் நாளில் காலை ஏழு மணிக்கே வாங்குகள் நிறைந்துவிடும். கையில் ஓரம் மடங்கிய கிளினிக் கொப்பி. வைத்தியருக்கு முன்னால் இருக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் மனவடு என்ற சொல் வராது. வருவது வேறு: நெஞ்சு அடைக்குது, தலை இடிக்குது, உடம்பெல்லாம் உளைவு, கை கால் விறைக்குது, இரவில் நித்திரை இல்லை, கதவு அடிச்சாலும் திடுக்கிடுது, ஒரே யோசனை. பிறசர் பார்க்கப்படுகிறது, கூடியிருக்கிறது, குளிசை எழுதப்படுகிறது. உளைவுக்குப் பனடோல். அடுத்த மாதமும் அதே கதை, ஒரு குளிசை கூடுகிறது. வைத்தியரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அத்தனை பேரைப் பார்த்து முடிக்கவேண்டிய ஒருவரால் அதற்கு மேல் தோண்ட இயலாது. ஆனால் நித்திரையே இல்லாத ஒருத்தியின் பிறசரை வெறும் குளிசையால் கட்டுப்படுத்த நினைப்பது, மூலத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் துரத்துவதாகும். மனநல கிளினிக்குக்குப் போகச் சொன்னால் பாதிப்பேர் போகமாட்டார்கள். 'விசர் டொக்டரிட்டப் போறாள்' என்று ஊர் கதைத்தால் அது அவளோடு போகாது, நாளைக்கு அவள் மகளுக்குக் கலியாணம் பேசுகிற இடம் வரைக்கும் போகும்.

இன்னும் கண்ணால் காணக்கூடிய ஒன்று இருக்கிறது. முன்னாள் பெண் போராளிகளில் பலரின் உடம்பில் செல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் அதை 'பீஸ்' என்பார்கள். தொடையில், தோளில், முதுகெலும்புக்குப் பக்கத்தில், சிலருக்குத் தலையில். எடுத்தால் ஆபத்து என்று விடப்பட்டவை, எடுக்க நேரமில்லாமல் விடப்பட்டவை. குளிர் காலத்தில் குத்துகிறது, விறகு தூக்கினால் வலிக்கிறது, களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் பிடித்தால் இரவு முழுக்க உளைகிறது. இந்த வலி ஒவ்வொரு முறையும் அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவருகிறது. நினைவு வந்தால் நித்திரை போகிறது, நித்திரை போனால் வலி கூடுகிறது. மனம் எங்கே முடிகிறது உடம்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத இடம் இது. இதில் உயிராபத்தும் உண்டு. உடம்பில் உலோகத் துண்டு இருப்பவரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்துக்குள் அனுப்பினால், அந்தப் பலமான காந்தத்தால் கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்திலுள்ள துண்டு நகர்ந்து பெரும் சேதம் செய்யக்கூடும். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்பது கட்டாயம். அந்தக் கேள்விக்கு ஒரு பெண் பயத்தினால் 'இல்லை' என்று சொல்லவேண்டிய நிலை இருந்தால், அந்தப் பயமே ஒரு மருத்துவப் பிரச்சினை.

மனவடு நோய் என்பதே மேற்குலகம் கொடுத்த பெயர், நம் சனங்களின் துன்பத்தை அந்தச் சட்டகத்துக்குள் அடைப்பது சரியா என்று கேட்கிறவர்கள் உண்டு. வியட்நாம் போரின் பின்னர், 1980இல்தான் அது அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இடம்பெற்றது என்பதும் உண்மை. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009இல் நடத்தப்பட்டு 2011இல் வெளியான பெரிய ஆய்வு பொதுமக்களிடையே மனவடு நோய் 7 சதவீதம் என்றும், பதகளிப்பு 32.6 சதவீதம், மனச்சோர்வு 22.2 சதவீதம் என்றும் கண்டது. ஒரு நோயின் பெயரை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் துன்பத்தின் பெரும்பகுதி கண்ணில் பட்டிருக்காது. தயா சோமசுந்தரம் போன்ற நம் மனநல வைத்தியர்கள் தனிமனிதக் காயத்தோடு சமூகத்தின் கூட்டுக் காயத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று ஆண்டுக்கணக்காக எழுதிவந்ததும் இதனால்தான். மட்டக்களப்பில் தொண்ணூறுகளில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீஷியா லோரன்ஸ், காணாமல் போனவர்களின் குடும்பங்கள் அம்மன் கோயில்களில் தெய்வமாடுவோரிடம் வாக்குக் கேட்டு ஆறுதல் தேடியதைப் பதிவு செய்திருக்கிறார். வெளியே வாய் திறக்க முடியாத காலத்தில் துக்கத்தைச் சொல்ல அந்தக் கோயில் வீதிதான் இடம் கொடுத்தது. ஆகவே பெயரைப் பற்றிய விவாதம் நடக்கட்டும். ஆனால் அந்த விவாதம் முடியும்வரை நெஞ்சு அடைக்கிற பெண்ணைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. நோயின் பெயரை விட்டுவிட்டு, உடல்நலம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கினால் இந்த ஆட்சேபத்தின் நியாயமான பகுதிக்கும் பதில் கிடைத்துவிடும்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆயுதம் தூக்கியவர்களுக்கு எதற்குத் தனி அக்கறை, அவர்களால் பாதிக்கப்பட்டவர்கள் இல்லையா என்பது அது. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் 1990இல் நடந்த படுகொலைகளை நினைவில் வைத்திருக்கிறவர்கள் இப்படிக் கேட்டால் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. இயக்கம் செய்த கொலைகளுக்குக் கணக்குக் கேட்கவேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிகிச்சை என்பது பரிசு அல்ல, தகுதி பார்த்துக் கொடுப்பதற்கு. இலங்கையின் இலவச வைத்தியசாலைகள் அந்த அடிப்படையில்தான் நடக்கின்றன, சிறைக் கைதியைக் கூடக் காவலோடு கொண்டுவந்து வார்டில் சேர்க்கிறார்கள். தவிரவும், மட்டக்களப்பில் 'வீட்டுக்கு ஒரு பிள்ளை' என்று கேட்டு வாங்கப்பட்டவர்களை, டியூசன் முடிந்து வரும் வழியில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களை, தானாக விரும்பிப் போனவர்களோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. 2003க்கும் 2008க்கும் இடையில் புலிகளின் சிறுவர் சேர்ப்பாக யுனிசெப் பதிவு செய்த சம்பவங்கள் ஆறாயிரத்துக்கு மேல். ஒரே பெண் பாதிக்கப்பட்டவளாகவும் பாதிப்பை ஏற்படுத்திய படையின் அங்கமாகவும் இருந்திருக்கலாம். அதை நீதிமன்றமும் வரலாறும் தீர்க்கட்டும். அவளுடைய இரத்த அழுத்தத்தைத் தீர்க்கவேண்டியது கிளினிக்.

அக்கறையின்மைக்கு ஒரு விலை உண்டு என்பதையும் இந்த நாடு பார்த்துவிட்டது. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்பிரிவுப் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2015 ஒக்டோபரில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 43. அதற்கு அடுத்த ஆண்டு, புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டதாகவும், அங்கே விஷ ஊசி போடப்பட்டதாகவும் ஒரு பேச்சு வடக்கிலும் கிழக்கிலும் காட்டுத்தீயாய்ப் பரவியது. வடக்கு மாகாண சபை மருத்துவ விசாரணை கேட்டது, அரசாங்கம் குற்றச்சாட்டை மறுத்தது. அந்தப் பேச்சை உண்மை என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆதாரம் போதவில்லை. ஆனால் அது ஏன் அத்தனை வேகமாக நம்பப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். முகாமிலிருந்து வெளியே விட்டபோது அவர்களின் உடல்நலத்தை முறையாகப் பதிவு செய்து, ஆண்டுதோறும் பரிசோதித்து, எத்தனை பேருக்கு என்ன வருத்தம், எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லக்கூடிய ஒரு சுயாதீனமான வைத்தியக் குழு இருந்திருந்தால், அந்தச் சந்தேகம் ஒரு கிழமையில் தீர்ந்திருக்கும். உண்மையென்றால் அம்பலமாகியிருக்கும், பொய்யென்றால் அடங்கியிருக்கும். இரண்டும் நடக்கவில்லை. மிஞ்சியது என்னவென்றால், அரச வைத்தியசாலையில் ஊசி போடவே பயப்படுகிற ஒரு கூட்டம்.

இந்த இடத்தில்தான் என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான ஆட்சேபம் வருகிறது, அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெண்களே. எங்களைப் போராளி என்று அடையாளம் காட்டுகிற எந்த உதவியும் எங்களுக்கு வேண்டாம் என்பது அவர்களின் பேச்சு. பெயரைப் பதிந்தால் சி.ஐ.டி. வீட்டுக்கு வரும். சுவாமி படத்துக்குப் பின்னால் மறைத்து வைத்த பழைய போட்டோவைக்கூட எரித்துவிட்டவர்கள் அவர்கள். இந்தப் பயம் கற்பனை அல்ல. 2018 நவம்பர் 30இல் மட்டக்களப்பு வவுணதீவு சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டபோது, முன்னாள் போராளி ஒருவர் கைதுசெய்யப்பட்டு மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர்தான் அந்தக் கொலையைச் செய்தது சஹ்ரான் குழு என்பது வெளிவந்து அவர் விடுதலையானார். 2022இல் அரசாங்கம் கொண்டுவந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், போதைக்கு அடிமையானவர்களோடு முன்னாள் போராளிகளையும் ஒரே பட்டியலில் சேர்த்திருந்தது. உயர் நீதிமன்றம் குறுக்கிட்ட பிறகே அந்த வார்த்தைகள் நீக்கப்பட்டு 2023இல் அது போதைப்பொருள் தொடர்பான சட்டமாகச் சுருங்கியது. இப்படிப்பட்ட நாட்டில் 'முன்னாள் பெண் போராளிகளுக்கான மனநலத் திட்டம்' என்று பதாகை கட்டி, பிரதேச செயலகத்தில் பெயர்ப் பட்டியல் எடுத்துத் தொடங்கினால் அது அவர்களுக்கு இன்னொரு பொறியாகவே படும். மனம் ஆறுவதற்கு முதல் நிபந்தனை பாதுகாப்பு. கண்காணிப்பு நடக்கும்வரை ஆபத்து முடிந்துவிட்டது என்று அவர்களின் உடம்பை யார் நம்பவைப்பது?

ஆகவே கேள்வியை மாற்றவேண்டும். நீ யார், எங்கே இருந்தாய், எந்தப் படையணி என்று கிளினிக் கேட்கக்கூடாது. கிளினிக் பதிவேட்டில் போராளி என்று ஒரு நிரல் இருக்கவே கூடாது. வாகரையில் முப்பத்தைந்து வயது தாண்டிய ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டால் போதும். இரவில் எத்தனை மணித்தியாலம் நித்திரை? பழைய விஷயம் கேளாமலே நினைவில் வந்து தொந்தரவு செய்கிறதா? சத்தத்துக்குத் திடுக்கிடுகிறதா? உடம்பில் செல் துண்டு, உலோகம் ஏதும் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி அங்கே யாரையும் காட்டிக்கொடுக்காது. 2006இல் எறிகணைகள் விழுந்த ஊரில் அது ஆசிரியையின் உடம்பிலும் இருக்கலாம், வள்ளக்காரரின் மனைவியின் உடம்பிலும் இருக்கலாம். அமெரிக்க முன்னாள் படையினர் வைத்தியசாலைகள், சேவைக் காலத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானீர்களா என்று வருகிற எல்லோரிடமும் கேட்பதை நடைமுறையாக்கி, எந்தச் சான்றும் கேட்காமல், முறைப்பாடு செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவச சிகிச்சை கொடுக்கின்றன. எல்லோரிடமும் கேட்டதால்தான் அங்கே சிகிச்சைக்கு வரும் பெண்களில் மூவரில் ஒருவர் அளவில் 'ஆம்' என்று சொன்னார்கள். ஆரம்ப சிகிச்சையில் மனவடுவைக் கண்டுகொள்ள ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் அங்கே பயன்பாட்டில் இருக்கிறது. அதை மட்டக்களப்புப் பேச்சில் எழுதி, நம் மனநல வைத்தியர்கள் சரிபார்த்துக் கொடுக்கவேண்டும். அதைவிட எளியதும் உண்டு: பொதுவாக உங்கள் சுகம் எப்படி இருக்கிறது என்ற ஒற்றைக் கேள்வி. பல நாடுகளில் நடந்த 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 'மோசம்' என்று பதில் சொன்னவர்கள், வைத்தியர் கண்ட நோய்களைக் கணக்கில் எடுத்த பிறகும், விரைவில் இறக்கும் வாய்ப்புக் கூடியவர்களாக இருந்தது கண்டறியப்பட்டது. அவரவர் உடம்பை அவரவரே நன்றாக அறிவார்கள். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

கேட்பதற்கு ஆளும் இடமும் ஏற்கெனவே இருக்கின்றன என்பதே இந்த யோசனையின் பலம். 1996 முதல் நாடெங்கும் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பிறசர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பரிசோதிக்கும் கிளினிக்குகள் நடக்கின்றன. மனவடுவுள்ள பெண்கள் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைத் தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு. தடுப்பில் உடம்பில் கைவைக்கப்பட்டவளுக்குப் படுக்கையில் படுத்துக் கால் விரிக்கச் சொல்வது பரிசோதனையாகத் தெரியாது. முன்கூட்டியே விளக்கிச் சொல்லி, பெண் வைத்தியரைக் கொண்டு, அவள் நிறுத்தச் சொன்னால் நிறுத்தி நடத்தினால் அவள் திரும்பவும் வருவாள். வீடு வீடாகப் போகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் மற்ற யாரிடத்தையும்விட இந்தப் பெண்கள் வாய் திறப்பார்கள், ஏனென்றால் அவர்களின் பிள்ளைகளைக் கருவிலிருந்து பார்த்தவர் அவர். சிகிச்சைக்குப் பெரிய நிபுணர் படை வேண்டும் என்பதும் சரியல்ல. போரும் சுனாமியும் கண்ட வடக்கு கிழக்குப் பிள்ளைகள் 31 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறே அமர்வுகளில், ஒரு குழுவுக்கு அனுபவத்தைக் கதையாகச் சொல்லவைக்கும் சிகிச்சையையும் மற்றக் குழுவுக்குத் தியானத்தோடு கூடிய தளர்வுப் பயிற்சியையும் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு குழுக்களிலும் பெரும்பாலான பிள்ளைகள் மனவடுவிலிருந்து மீண்டிருந்தார்கள். பெரியவர்களுக்கு அதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்தே சொல்லிவிட முடியாதுதான், ஆனால் உள்ளூர்க் கைகளால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

எல்லோரும் கஷ்டப்படுகிற ஊரில் இதற்குக் காசு எங்கே என்று கேட்பார்கள். கேள்விகளைச் சேர்க்கக் காசு வேண்டாம். காசு வேண்டியது கேட்ட பிறகு, 'ஆம்' என்று சொன்னவளுக்குச் செய்யவேண்டியதற்கு. அங்கேதான் சுகாதாரத் திணைக்களம் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. கதிரவெளியிலிருந்தோ மாங்கேணியிலிருந்தோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போய்வருவது ஒரு நாள் கூலியை இழப்பது. நுண்கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கிற கிழமையில் அந்த நாளை எவளும் மனநோய்க்காகக் கொடுக்கமாட்டாள். எனவே மனநல மருத்துவ அதிகாரி வாகரைக்கு வருகிற நாளும் பிறசர், சீனி கிளினிக் நாளும் ஒரே நாளாக இருக்கவேண்டும், ஒரே வாங்கு, ஒரே கொப்பி, ஒரே மருந்து வரிசை. யார் எந்த அறைக்குப் போகிறாள், எதற்குப் போகிறாள் என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியக்கூடாது. அந்தக் கொப்பியில் எழுதப்படுவதைப் பொலிஸுக்கோ புலனாய்வுப் பிரிவுக்கோ காட்டக்கூடாது என்ற எழுத்துமூலமான பணிப்புரையைச் சுகாதார அமைச்சு வெளியிட்டு, வைத்தியசாலைச் சுவரில் தமிழில் ஒட்டவேண்டும். தாதிகளுக்கும் வைத்தியர்களுக்கும் அப்படியொரு கடிதம் கையில் இருந்தால்தான், யாராவது வந்து கேட்கும்போது 'தரமுடியாது' என்று சொல்ல அவர்களுக்கும் தைரியம் வரும்.